தொட்டிக்கு ஒரு கைப்பிடி

மார்ச் 3, செவ்வாய்

கடையில் இன்று நல்ல கூட்டம். பதினோரு பேருக்குக் கண்ணாடி மாட்டி அனுப்பினேன். ஒருவர் பழைய கண்ணாடியைப் போட்டுக்கொண்டே அதைத் தேடினார். சிரிப்பை அடக்கப் பட்ட பாடு!

வீட்டுக்கு வந்தால் பால்கனி ரோஜாவில் மிச்சமிருந்த இலையும் கொட்டிக் கிடக்கிறது. ஆறு தொட்டி. ஆறையும் பட்டினி போட்டுக் கொன்ற புண்ணியம் எனக்குத்தான்.

தம்பி சிறையிலிருந்து வந்து இன்றோடு ஒன்பது நாள். பேசியது அரைப் பக்கம்கூடத் தேறாது. ரயிலுக்குக் காத்திருப்பவன் மாதிரி சோபா நுனியில் உட்கார்ந்திருக்கிறான். "தண்ணி குடிக்கட்டுமாக்கா?" என்று கேட்கிறான். என் வீட்டில், என்னிடம்!

சாயங்காலம் ரோஜாத் தொட்டி மண்ணைக் கிள்ளிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "மண்ணுல ஒண்ணுமே இல்லக்கா. செடி என்ன பண்ணும் பாவம்."

மார்ச் 5, வியாழன்

பழைய டப் ஒன்று வேண்டுமாம். மண்புழு வளர்க்க. அங்கே சிறைத் தோட்டத்தில் மூன்று வருஷம் அவனுக்குக் கொடுத்த வேலை அதுதானாம். புழுக்களின் கழிவை உரமாகப் போட்டால் தொட்டிச் செடி பிழைத்துக்கொள்ளும் என்கிறான்.

எனக்கு உடம்பெல்லாம் ஏதோ ஊர்கிற மாதிரி இருந்தது. ஆனால் தண்ணீரைத் தவிர வாய் திறந்து அவன் கேட்ட முதல் பொருள். சரி என்றேன்.

இவரிடம் சொன்னபோது, "புழுவா? வீட்டுக்குள்ளயா?" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "உன் தம்பி எத்தனை நாள் இருப்பான்னு கேட்டியா?"

கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

மார்ச் 8, ஞாயிறு

டப்பின் அடியில் ஆணியைச் சுட்டு ஓட்டை போட்டான். கடையிலிருந்து நான் கொண்டுவந்த அட்டைப் பெட்டிகளைக் கிழித்து, நனைத்து, பிழிந்து அடுக்கினான். பிழிந்த துணி மாதிரி ஈரம் இருக்க வேண்டுமாம், சொட்டக் கூடாதாம். அதன் மேல் ஒரு பையிலிருந்து புழுக்களை விட்டான். மெலிசாக, சிவப்பாக, நூல் நூலாக. நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றே பார்த்தேன்.

மூடியை மூடும்போது, "வெளிச்சம்னா இதுங்களுக்கு ஆகாது" என்றான். அவன் குரல் எவ்வளவு கனிவாக இருந்தது!

மார்ச் 15, ஞாயிறு

கீழ்வீட்டு அம்மா படியேறி வந்துவிட்டார். எங்கள் டப்பிலிருந்து சொட்டிய தண்ணீர், அவர் காயப்போட்ட விரிப்பில். தம்பி ஓடிப்போய் டப்பின் அடியில் தட்டு வைத்தான். மன்னிப்புக் கேட்டான். அந்த அம்மாவின் முகம் இளகிவிட்டது. "தம்பியா? இத்தனை வருஷத்துல பார்த்ததே இல்லையே?"

"வெளியூர்ல வேலைங்க" — நான்தான் சொன்னேன். பட்டென்று வந்துவிட்டது. அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

எழுதிவிடுகிறேன், இங்கேயாவது. அவன் லாரி ஓட்டினான். இரண்டு நாள் தூங்காமல் ஓட்டியிருக்கிறான். விடியும் நேரத்தில், சாலை ஓரமாக சைக்கிளில் போனவர் மேல் ஏற்றிவிட்டான். அவர் இறந்துபோனார். அதோடு போகவில்லை. இவன் நிறுத்தவில்லை. பயந்துபோய் நாற்பது கிலோமீட்டர் ஓட்டிப் போய்விட்டான். அவர் ஒரு மணி நேரம் உயிரோடு கிடந்தாராம். நாலு வருஷம் தண்டனை.

அந்த நாலு வருஷத்தில் நான் அவனைப் போய்ப் பார்த்தது இரண்டே தடவை. ஏன்?

ஏப்ரல் 2, வியாழன்

எலுமிச்சைத் தோலை மொத்தமாக டப்பில் கொட்டிவிட்டேன். ஆகாதாம். திட்டவில்லை, ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தான்.

ஏப்ரல் 18, சனி

வேலை தேடிப் போனான், ஐந்தாவது இடம். மூட்டை தூக்கும் வேலைக்குக்கூட "நாலு வருஷம் என்ன பண்ணிட்டிருந்தே?" என்று கேட்கிறார்களாம். சொன்னால், அப்புறம் கூப்பிடுகிறோம் என்கிறார்களாம். ஸ்டியரிங்கை மட்டும் இனிமேல் தொட மாட்டானாம்.

வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே டப்பிடம்தான் போனான். கேரட் தோல், டீத்தூள் எல்லாவற்றையும் பொடியாக நறுக்கிப் போட்டான். "பல்லு கெடையாதுக்கா. மெதுவாத்தான் சாப்பிடும்." சிரித்தான்! நான் அடுப்பைப் பார்க்கிற சாக்கில் உள்ளே வந்துவிட்டேன்.

மே 17, ஞாயிறு

இன்று அறுவடை. டப்பைப் பழைய பேப்பரில் கொட்டி, வெளிச்சத்தில் குட்டிக் குட்டிக் குவியலாக வைத்தான். கொஞ்ச நேரத்தில் புழுவெல்லாம் அடியில் போய் ஒளிந்துகொண்டன. மேலே இருப்பதை வழித்து எடுத்தான். மறுபடி காத்திருந்தான், மறுபடி வழித்தான். கடைசியில் அடியில் புழுக்கள் மட்டும் ஒரு உருண்டையாக.

கறுப்பாக, காப்பித்தூள் மாதிரி இருக்கிறது. பயந்து பயந்து மோந்து பார்த்தேன். ஈரமண் வாசம், அவ்வளவுதான். என் கடை அட்டைப் பெட்டியா இது?

ஆசையில் தொட்டி நிறையக் கொட்டப் போனேன். கையைப் பிடித்துவிட்டான். "அள்ளிக் கொட்டாதக்கா. இருக்கற செடிக்குத் தொட்டிக்கு ஒரு கைப்பிடி, மேலாக்க. புதுசா நடறதுன்னா நாலு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு."

இவர் சர்வேயர். டேப் வைத்து அளக்காத எதையும் நம்ப மாட்டார். ஒரே உயரத்தில் இரண்டு தக்காளி நாற்று வாங்கிவந்து, ஒன்றை உரம் கலந்து நடச் சொன்னார், ஒன்றை வெறும் மண்ணில். தொட்டியில் எழுதியும் வைத்தார்: 'உரம்', 'சும்மா'.

ஜூன் 7, ஞாயிறு

உரம் — 41 செ.மீ. சும்மா — 27.

"அந்தப் பக்கம் வெயில் ஜாஸ்தி" என்று சொல்லி இரண்டையும் இடம் மாற்றி வைத்தார்.

ஜூன் 14, ஞாயிறு

இடம் மாற்றியும் அதேதான். உரம் பூத்தே விட்டது. டேப்பைச் சுருட்டிக்கொண்டே "சரி" என்றார். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் இந்த "சரி"யை நான் கேட்பது மூன்றாவது தடவை. ரோஜாவிலும் புதுத் துளிர், செம்பு நிறத்தில். கீழ்வீட்டு அம்மா ஒரு டப்பா நிறைய உரம் வாங்கிப் போனார்.

ஜூன் 20, சனி

எழுத வரவில்லை. இருந்தாலும்.

நான் கடையிலிருந்து வந்தபோது இவர் பால்கனியில் தரையில் உட்கார்ந்திருந்தார். முன்னால் டப். காலையில் பால்கனியைக் கழுவ வசதியாக இருக்கட்டுமென்று அதை மொட்டை மாடியில் கொண்டுபோய் வைத்திருக்கிறார். மறந்தே போய்விட்டார். பகல் முழுக்க அந்த வெயிலில். மூடியைத் தொட்டால் கை சுட்டது. உள்ளே — வேண்டாம். நாற்றம்.

"அவன் வர்றதுக்குள்ள புதுசா வாங்கிப் போட்டுடலாமா?" என்றார்.

எனக்கும் ஒரு நிமிஷம் அதுதான் தோன்றியது. மறைத்துவிடலாம். யாருக்குத் தெரியப் போகிறது? நான் பையைக்கூட எடுத்துவிட்டேன். அவரேதான், "வேணாம். நானே சொல்றேன்" என்றார்.

தம்பி செருப்பைக்கூடக் கழற்றவில்லை, இவர் வாசலில் போய் நின்றார். "நான்தான் வெயில்ல வெச்சேன். மறந்துட்டேன். எல்லாம் போச்சு. என் தப்பு."

அவன் வந்து உட்கார்ந்து இரண்டு கையையும் உள்ளே விட்டான். தோண்டிக்கொண்டே போனான். அடி மூலையில் ஒரு அட்டை மடிந்து, ஈரம் காயாமல் இருந்தது. அதற்குள் இருபது இருக்கும். அசைந்தன.

"இது போதும் மாமா. பெருகிடும்."

"இல்லப்பா, நான் பண்ணது —"

"நீங்க நின்னு சொன்னீங்க மாமா." கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். "நான் நிக்கல."

நாலு வருஷமாக எங்கள் குடும்பத்தில் எல்லோரும் அதை 'விபத்து' என்றுதான் சொல்லி வந்தோம். யோசித்துப் பார்த்தால், அவன் ஒரு தடவைகூட அந்த வார்த்தையைச் சொன்னதில்லை.

இவர் மெதுவாக அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு அட்டைப் பெட்டியை எடுத்தார்.

"எவ்ளோ சின்னதா கிழிக்கணும், மச்சான்?"

ஜூன் 21, ஞாயிறு

மச்சான்! முதல் தடவை.

ஜூலை 5, ஞாயிறு

கீழ்வீட்டு அம்மாவின் செடியெல்லாம் கண்படும்படி வளர்ந்திருக்கின்றன. அவருக்குத் தெரிந்த நர்சரிக்கார அம்மா ஆள் தேடுகிறாராம். "உன் தம்பியைச் சொல்லட்டுமா? வெளியூர்ல பார்த்த வேலையும் தோட்ட வேலைதானே?"

என் பொய் வளர்ந்து என் முன்னாலேயே வந்து நிற்கிறது.

அவன் சொன்னான்: "நான் போய் உண்மையச் சொல்லிடறேன்க்கா."

"சொன்னா வேலை கிடைக்காதுடா! இந்த ஒரு தடவை வாய மூடிக்கிட்டு இருக்கக் கூடாதா?" கத்திவிட்டேன். அக்காவாக இருந்து என்ன புத்தி சொல்கிறேன் பார்.

"கிடைக்கலன்னா கிடைக்கல." இறங்கிப் போனான். இருபது நிமிஷம். திரும்பி வந்தான். "கேட்டுக்கிட்டாங்க. ஒண்ணும் சொல்லல."

ஜூலை 9, வியாழன்

படியில் எதிரே வந்த கீழ்வீட்டு அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்.

ஜூலை 15, புதன்

இன்று அவரே வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"பத்து நாளா எனக்குக் கோபம் ஆறல" என்றார். "அவன் மேலன்னு நெனச்சுட்டிருக்கியா? உன் மேல. பொய் சொன்னது நீ, அவன் இல்ல."

நின்றேன். சிறுபிள்ளை மாதிரி, "தப்புதாங்க" என்றேன். அதைச் சொன்னதும் உடம்பே லேசான மாதிரி இருந்தது.

"நர்சரிக்காரம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். யோசிச்சாங்க. திங்கக்கிழமை காலையில வரச் சொல்லு. ஒரு மாசம் பார்க்கறேன்னாங்க."

அவன் குளியலறையிலிருந்து வெளியே வர ரொம்ப நேரம் ஆனது.

ஜூலை 20, திங்கள்

ஆறு மணிக்கெல்லாம் கிளம்பிவிட்டான். வேலை ஏழரைக்கு.

ஆகஸ்ட் 30, ஞாயிறு

மாசம் முடிந்தது, இருக்கச் சொல்லிவிட்டார்கள். நர்சரிக்குப் பின்னால் ஒரு அறையும் கொடுத்திருக்கிறார்கள். நேற்றுத்தான் பெட்டியை எடுத்துப் போனான். இவர் வாசல் வரை போய், "ஞாயித்துக்கிழமை சாப்பாடு இங்கதான்" என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

இன்று கூட்டிவரப் போனோம். பச்சை வலைக்கு அடியில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். நடுவில் அவன். ஒரு அம்மா நோஞ்சான் செடி ஒன்றைக் குழந்தையை டாக்டரிடம் காட்டுகிற மாதிரி ஏந்திக்கொண்டு நின்றார்.

"தினமும் ஊத்துவீங்களா? வேணாங்க. மேல் மண்ணு காஞ்ச பிறகு ஊத்துங்க. இல்லங்க, சாகல, இங்க பாருங்க, கணுவுல பச்சை இருக்கு —" பேசிக்கொண்டே இருந்தான். அவர் கேட்கக் கேட்க இவன் சொல்கிறான். பின்னால் நின்றவர்களும் காதைக் கொடுத்துக் கேட்கிறார்கள்.

இவர் கூப்பிடக் கையைத் தூக்கினார். நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

எங்களுக்கு முன்னால் நாலு பேர். வரிசையில் நின்றோம்.