கழுவாத பாசி

நாள் 41, 06:20
மிதக்கும் ஆய்வுமேடை, மன்னார் வளைகுடா. கடல் அமைதி. நானும் அம்மாவும் மூழ்கி நான்கு பை செம்பாசி எடுத்தோம். வந்த முதல் நாள் எடுத்த பையின் சாறு, ஆட்களை வெறியேற்றிக் கடிக்கவைக்கும் மூளைப்புழுக்களைக் கண்ணாடித் தட்டில் ஒரு மணி நேரத்தில் கொன்றது. பிறகு எடுத்த முப்பது பைகளில் ஒன்றும் கொல்லவில்லை. டாக்டர் வாசவிக்குக் காரணம் புரியவில்லை. எட்டாம் வகுப்போடு நின்றவள் என்றாலும் பதிவு எழுதும் வேலையை எனக்குத் தந்திருக்கிறார்.

நாள் 43, 15:05
பவளம் கீறிய புண் வழியாக அம்மாவுக்குப் புழு ஏறிவிட்டது. டாக்டரின் காதைக் கடித்துத் துப்பினாள். இருவருமாக அவளை அறைக்குள் தள்ளித் தாழிட்டோம். அறைப்பேசியில் அவள் குரல்:
“ஏ பிரிஸ்கா, ஊமைக்கோட்டான்! வாடி உள்ள. ஒங்கொடல உருவி ஒனக்கே மாலையாப் போடுறேன்.”

நாள் 44, 07:40
கரையை அழைத்தோம். பதில்:
“இங்க ஆசுபத்திரி வாசல்லயே கடிச்சுக் கொதறிக்கிட்டுக் கெடக்காங்க. படகு வராது தாயி. மருந்து கெடச்சா மட்டும் கூப்புடு.”

நாள் 44, 11:30
டாக்டர் இறந்துவிட்டார். தண்ணீர் வைக்கக் கதவைத் திறந்தோம். அம்மா அவர் தலையைக் கட்டில் இரும்பில் மூன்று முறை மோதினாள். பிறகு என் தோளைக் கடித்தாள். நான் துடுப்பால் அடித்தேன். அவள் கை ஒடிந்த சத்தம் கேட்டது. மயங்கிக் கிடக்கிறாள். கடிபட்டால் ஒரு நாளில் புழு மூளையைப் பிடித்துவிடும்.

நாள் 44, 16:50
தவறு என்னுடையது. மண்ணும் வழுவழுப்புமாகக் கொடுத்தால் எங்கள் ஊர் வியாபாரி பாசியைத் தொடமாட்டார். அந்தப் பழக்கத்தில் ஒவ்வொரு பையையும் நன்னீரில் தேய்த்துக் கழுவித்தான் டாக்டரிடம் தந்தேன். அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. முதல் நாள் மட்டும் குழாயில் தண்ணீர் வரவில்லை.
மருந்து அந்த வழுவழுப்பில் இருக்கிறது. முப்பது பை மருந்தை வடிகாலில் விட்டிருக்கிறேன்.
தனியாக மூழ்கிக் கொஞ்சம் எடுத்தேன். கழுவவில்லை. தட்டில் புழுக்கள் செத்தன. கரைக்குச் சொன்னேன்.
“அடிப்பாவி, இத மொதல்லயே சொல்றதுக்கென்ன? சரி, எழுதிக்கிட்டேன். கழுவக் கூடாது.”
சாறு ஓர் ஊசிக்குத்தான் வந்தது. மறுபடி மூழ்கத் தோள் இடம் கொடுக்கவில்லை.

நாள் 45, 06:10
ஊசியை அம்மாவுக்குப் போட்டேன். விடியும்போது கண் விழித்து, கை ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டாள். எல்லாம் சொன்னேன். நான் குளிர்பதன அறைக்குள் போய், அவளை வெளியே தாழிடச் சொன்னேன். அழுதுகொண்டே தாழிட்டாள்.
“ஒத்தக் கையால முங்கி எடுத்தாறேன். பல்லக் கடிச்சுக்கிட்டு இருடி.”

நாள் 45, 10:35
பாசி எடுத்துவிட்டாள். சாறு வடிய இன்னும் இருபது நிமிடம்.
அறைப்பேசியில் பேசிக்கொண்டே இருக்கிறேன். வலி போய்விட்டது, குளிருகிறது, திற அம்மா என்கிறேன். வலி போகவில்லை. இதைச் சொல்வது என் வாய்தான், நான் இல்லை. கை மட்டும் இன்னும் நான் சொல்வதை எழுதுகிறது.
“இந்தா வந்துட்டேன்டி தங்கம். அழாத.”
அம்மா திறக்காதே
தாழ்ப்பாள் நகர்கிறது
அவள் கழுத்து வெள்ளையாக