கோழியோடு வந்த தாய்

செர்பியா, 1847 அக்டோபர்

அன்புள்ள அப்பாவுக்கு,

கடவுள் அருளால் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி?

பெண்பிள்ளைகளின் பள்ளி திறந்தபோது இருந்தவர்கள்: பாதிரியார், ஆசிரியையாக நான், பன்னிரண்டு சிறுமிகள். ஒருத்தி குறைந்தாலும் மூடிவிடுவார்களாம். மறுநாளே ஸ்தமெனா என்ற தாய் கோழியோடு வந்தாள்.

"இத வச்சுக்கிட்டு எம்பொண்ணு பேர அடிச்சிடுங்கம்மா. எழுத்துத் தெரிஞ்சா கண்டவனுக்கும் கடுதாசி எழுதுவா."

"தெரியலைன்னா, கட்டிக் கொடுத்த ஊர்லேருந்து உங்களுக்கு யாரு எழுதுவா?"

அவள் கோழியைக் கீழே இறக்கினாள். "மூத்தவள ஆத்துக்கு அந்தாண்ட குடுத்து மூணு வருசம். ஒரு சேதி இல்ல," என்றாள். மகளை விட்டுவிட்டுக் கோழியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

கம்பளிக் காலுறை ஒரு ஜோடி அனுப்புங்கள். பேச்சுத்துணை இல்லாததால், நான் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்ற வேதாகமச் சங்கீதப் புத்தகத்தை உரக்க வாசிக்கிறேன். இக்கடிதத்தைக் கொண்டுவரும் வண்டிக்காரர் அவசரப்படுத்துகிறார். நான் வந்தபின் உங்களிடமிருந்து ஒரு கடிதமும் இல்லை. சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

மகள் பெர்சிதா