எனக்கும் செல்லத்தாய்க்கும் நடுவில் அரை நொடி

28 நவம்பர் 1966, திங்கள்

குளிர். பால் பூத் கியூவிலேயே கை விறைத்துவிட்டது. ஸ்வெட்டரை கிச்சா கல்லூரிக்குப் போட்டுக்கொண்டு போய் எங்கோ விட்டுவிட்டு வந்திருக்கிறான். தம்பி என்று ஒருவன் இருந்தால் இதெல்லாம் உண்டு.

கா. 6.15 மைதானம். ஸாவந்த் சார் ஸ்டாப்வாட்ச் இரவல் வாங்கி வந்திருக்கிறார். கழுத்தில் மாட்டிக்கொண்டு அதைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சங்கிலிப் பயிற்சி. வரிசையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை, ஒருத்தி அடுத்தவளுக்கு, அவள் அதற்கடுத்தவளுக்கு என்று கோ கொடுத்துக்கொண்டே போகவேண்டும். பதினெட்டு நொடியில் முடியவேண்டுமாம். எங்களுக்கு இருபத்திரண்டு. ஐந்து தடவை ஓடினோம். ஐந்தாவது தடவை இருபத்து மூன்று!

எங்கே இடிக்கிறது என்று பார்த்தால், எனக்கு அடுத்த இடத்தில். அங்கே செல்லத்தாய். தாராவிப் பெண், வயசு பதினெட்டு, இந்த வருஷம்தான் டீமில் சேர்ந்தாள். அப்பாவுக்குத் தோல் கிடங்கில் வேலை. தனியாக ஓடவிட்டால் எங்களில் யார் கைக்கும் சிக்கமாட்டாள். ஆனால் நான் கோ சொன்னபிறகு அவள் எழுந்திருக்க அரை நொடி ஆகிறது. கேப்டன் என்ற முறையில் சொன்னேன்.

"தூங்கறியா செல்லத்தாய்? கோ சொன்னா சட்டுனு எழுந்திருக்க வேண்டாமா?"

"சரிக்கா."

அவ்வளவுதான். இவள் வாயிலிருந்து வார்த்தை வாங்குவது கல்லில் நார் உரிக்கிற வேலை.

8.12 வண்டி. ஆபீஸில் பக்கத்து டைப் மெஷின் மேரி, கோ-கோ என்றால் என்ன விளையாட்டு என்று கேட்டாள். எட்டுப் பேர் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள், ஒருத்தி எதிர்க் கட்சிக்காரியைத் துரத்துவாள், வரிசைக்குக் குறுக்கே அவள் புகக் கூடாது, ஓடுகிறவள் புகலாம், வந்த திசையில் திரும்பவும் கூடாது, முடியாதபோது உட்கார்ந்திருப்பவளை முதுகில் தட்டிக் 'கோ' என்றால் அவள் எழுந்து துரத்துவாள், தட்டியவள் அந்த இடத்தில் உட்காரவேண்டும் என்றேன்.

"பந்தே கிடையாதா?" என்றாள்.

30 நவம்பர், புதன்

கால் பெருவிரல் நகம் பெயர்ந்துவிட்டது. மஞ்சள், தே. எண்ணெய். மண்ணெண்ணெய் இன்றும் கிடைக்கவில்லை.

காலையில் சார் இடம் மாற்றிப் பார்த்தார். ஷோபா கோ கொடுத்தால் செல்லத்தாய் அம்பாகக் கிளம்புகிறாள். நான் ராஜிக்குக் கொடுத்தால் அதுவும் சரியாக இருக்கிறது. என்னையும் செல்லத்தாயையும் பக்கத்தில் போட்டால் மட்டும் இடி. சார் ஹிந்தியில் கத்தினார், ஃபாஸ்ட் லட்கி வேண்டாம், ஃபாஸ்ட் டீம் வேண்டும் என்று. டீமின் வேகம் என்பது வேகமானவளின் வேகம் இல்லையாம், கை மாறுகிற இடத்தின் வேகமாம். மனுஷனுக்கு வாய் மட்டும் ஓயாது.

கடைசி மூன்று ஓட்டம் பழைய வரிசையிலேயே. ஆச்சரியம், பதினெட்டரை. நான் வாயைத் திறந்ததும் எழுந்துவிடுகிறாள். பார்த்தாயா, சொன்னால் கேட்கிறாள் என்று ராஜியிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

கிச்சா கோட்டைப் பக்கம் அமெரிக்க வாசகசாலையில் சினிமா பார்த்துவிட்டு வந்தான். அந்த ஊர் ஃபுட்பாலாம். காலால் உதைப்பதே அபூர்வமாம், கையில் பந்தை இடுக்கிக்கொண்டு ஓடுகிறார்களாம். சாப்பிடும்போது வாய் ஓயவில்லை.

"பந்தை வெச்சிண்டிருக்கறவன் ஒண்ணும் பெரிய ஓட்டக்காரன் இல்லேக்கா. ஆனா மத்த பத்துப் பேரும் ஒரே க்ஷணத்துல கிளம்பறா. ஒருத்தன் லேட்டுன்னா, அந்தச் சந்து வழியா எதிராளி புகுந்து இவன் மேலே விழுந்துடறான்."

"சாதத்தைப் பாத்து சாப்பிடு" என்றாள் அம்மா.

எனக்கு என்னவோ அது மனசில் நின்றுவிட்டது. ஒருத்தன் லேட் என்றால் சந்து.

3 டிசம்பர், சனி

செமிஃபைனல். ஜெயித்தோம், தட்டுத் தடுமாறி.

நானும் செல்லத்தாயும் சேர்ந்த இடத்தில் மூன்று ஃபவுல். அம்பயர் விசில் ஊதி முதுகைத் தொட்டுக் காட்டுகிறார், தலையை ஆட்டுகிறார். தொடுவதற்கு முன்னாலேயே எழுந்துவிட்டாளாம். மூன்று தடவையும் ஓட்டக்காரி தப்பித்தாள். ஷோபா இல்லாவிட்டால் இன்று வீட்டுக்கு வந்திருக்கவேண்டியதுதான்.

சார் செல்லத்தாயைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். மராத்தியில் திட்டினால் அவளுக்குப் பாதி புரியாது. தலையைக் குனிந்துகொண்டு காலால் மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

நானும் சொன்னேன். "அன்னிக்கு லேட்டு, இன்னிக்கு அவசரம். நடுவுல ஒண்ணு கிடையாதா உனக்கு?"

"இனிமே பாத்துக்கிடுதேன்க்கா."

ஃபைனல் அடுத்த ஞாயிறு, செம்பூரில். எதிரே கிர்காம் பெண்கள். முழங்காலுக்கு மேல் நிக்கர் போட்டுக்கொண்டு ஓடுகிறார்கள். எங்களுக்கு முழங்காலுக்குக் கீழே பாவாடை, அதற்கே அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை.

ராஜி ரிசர்வில் இருக்கிறாள். என் பள்ளிக்கூட நாள் சிநேகிதி. செல்லத்தாயை எடுத்துவிட்டு அவளைப் போட்டால் என்ன என்று தோன்றுகிறது. சாரிடம் சொல்லலாம்.

5 டிசம்பர், திங்கள்

எழுதக் கை வரவில்லை.

சார் இன்று கோடு போடுகிற சுண்ணாம்புப் பொடியைத் தட்டில் கொட்டி, எல்லோரையும் கையை அதில் அழுத்தச் சொன்னார். யார் தொடுமுன் எழுந்திருக்கிறாள் என்று இன்று தெரிந்துவிடும் என்றார். செல்லத்தாயைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். பழைய வரிசை. அவளுக்குக் கோ கொடுப்பவள் நான் மட்டும். பத்து ஓட்டம்.

முடிந்ததும் திரும்பி நிற்கச் சொன்னார். எல்லார் முதுகிலும் வெள்ளைக் கைகள், ஒன்றின் மேல் ஒன்று. ஒரே சிரிப்பு. ஷோபா கொடுத்தது அவ்வளவும் முழுக் கை, பலகை மாதிரி.

செல்லத்தாயின் நீல ரவிக்கையில் ஒன்றும் இல்லை. தோள்பட்டைக்கருகில் இரண்டு புள்ளி. நகத்தளவு.

சார் அவள் முதுகைப் பார்த்தார். பிறகு என் கையை எடுத்துத் திருப்பினார். சுண்ணாம்பு அழுத்தியபடியே இருந்தது, கலையவே இல்லை.

யாரும் சிரிக்கவில்லை. ராஜிக்கு மட்டும் ஒன்றும் தெரியாது. அவள் அப்போதுதான் பெஞ்சில் உட்கார்ந்து முள் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"நாந்தான் சார். முன்னாடியே எந்திச்சிட்டேன்" என்று செல்லத்தாய் அரைகுறை ஹிந்தியில் சொன்னாள். எனக்காகப் பொய். நான் சும்மா நின்றேன்.

நாளை முதல் மைதானத்தில் கல்யாணப் பந்தல். ஞாயிறு வரை பயிற்சி கிடையாது.

6 டிசம்பர், செவ்வாய்

ஒரே கடிதத்தில் நாலு பிழை. மேனேஜர் திருப்பி அனுப்பினார்.

நான் அப்படிப்பட்டவள் இல்லை. இதைத்தான் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். இரானிக் கடையில் டீ குடிக்கிறேன். மேரியின் டப்பாவிலிருந்து கேக் சாப்பிடுகிறேன். ஷோபாவைக் கட்டிக்கொண்டு குதிக்கிறேன். அப்புறம் யோசித்தேன். யோசித்ததை எழுதிவிடுகிறேன், யார் பார்க்கப்போகிறார்கள்.

— ஆகஸ்டில் செல்லத்தாய் முறுக்கு கொண்டுவந்தாள். எல்லோரும் எடுத்தார்கள். நான் இன்று விரதம் என்றேன். என்ன விரதம்?

— அவள் குடித்த சொம்பை நான் குழாயில் இரண்டு தடவை அலம்பினேன். ஷோபா குடித்ததை அலம்பவில்லை.

— பஸ்ஸில் அவள் பக்கத்தில் இடம் இருந்தது. நின்றுகொண்டே வந்தேன்.

— அவள் முதுகு.

கையை இழுத்துக்கொண்டது நான் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. தெரியாமலே ஐந்து மாதம் செய்திருக்கிறேன். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. முதலில் என் கைக்காகக் காத்திருந்தாள், அதுதான் அரை நொடி. தூங்கறியா என்று கேட்டேன் பாவி. அதன்பிறகு கை வராது என்று முடிவு செய்து, குரலுக்கே எழுந்திருக்கப் பழகிக்கொண்டாள்.

மா. வாசலிலேயே அம்மா. "மைதானத்துக்குப் போகலேன்னா என்ன, ரயில்லே வந்திருக்கே. யார் யார் மேலேயோ பட்டிருக்கும். குளிச்சுட்டு அடுக்களைக்கு வா." தினமும் சொல்வதுதான். இன்று மட்டும் எரிந்து விழுந்தேன். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. குளித்தேன்.

8 டிசம்பர், வியாழன்

ஆபீஸிலிருந்து அரை நாள் லீவு. தலைவலி என்று சொன்னேன். செல்லத்தாய் வீட்டுக்குப் போய்ப் பேசிவிடுவது என்று கிளம்பினேன். பஸ்ஸில் வாக்கியம் தயார் செய்துகொண்டே போனேன். என் தப்பு, மன்னிச்சுக்கோ. இதற்கு மேல் என்ன.

தாராவி ஸ்டாப்பில் இறங்கினேன். சந்து முனையில் குழாயடியில் கூட்டம். ஒரு அம்மாள், "யாரம்மா வேணும், யார் வீட்டுக்கு?" என்று கேட்டாள். செல்லத்தாய் பெயர் வாய்வரை வந்தது. "இல்லே, பஸ் மாறி வந்துட்டேன்" என்றேன்.

எதிர்ப்பக்கம் நின்று அடுத்த பஸ்ஸில் திரும்பினேன். கிங்ஸ் சர்க்கிளில் அரைக் கிலோ வெண்டைக்காய் வாங்கினேன், முற்றல்.

சொல்லுவதைவிடச் செய்துகாட்டுவது மேல் என்று வைத்துக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கை நன்றாகப் படும். கேட்கும்படி படும்.

9 டிசம்பர், வெள்ளி

ஸாவந்த் சார் மா. 6 மணிக்கு உடுப்பி ஹோட்டலில். காப்பியை ஆற்றிக்கொண்டே இருந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன், படவில்லை. கிர்காம்காரிகள் அரை நொடி கிடைத்தால் போதும், மைதானத்தின் அந்தக் கோடிக்குப் போய்விடுவார்கள் என்றார். நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஆடமுடியாது, ஒருத்திதான். ஒன்பது பேர் பட்டியலை நாளைக்குள் நீயே எழுதிக் கொடு, நீதானே கேப்டன் என்றார்.

வீட்டுக்கு வந்து எழுதினேன். செல்லத்தாயை விட்டு, ராஜியைப் போட்டு. கிழித்தேன். என் பெயரை விட்டு எழுதினேன். அது எவ்வளவு நேரம் நின்றது? ஐந்து நிமிஷம். ஏழு வருஷமாக ஆடுகிறேன், இதுதான் முதல் ஃபைனல், தையில் கல்யாணம் நிச்சயமானால் இதுதான் கடைசியும். அதையும் கிழித்தேன்.

மூன்றாவது தாளில் இரண்டு பெயரும். கீழே ஒரு வரி: இனி ஃபவுல் வராது, என் பொறுப்பு.

10 டிசம்பர், சனி

பட்டியல் கொடுத்தாயிற்று. சார் படித்தார், மடித்துப் பையில் போட்டார்.

பாவாடை இஸ்திரி. ஊக்கு ஆறு. எலுமிச்சம்பழம், உப்பு, க்ளூகோஸ். சாயங்காலம் கிச்சா முதுகில் கோ என்று ஓங்கித் தட்டிப் பார்த்தேன். "பைத்தியமா உனக்கு?" என்று கத்தினான்.

11 டிசம்பர், ஞாயிறு

தோற்றோம். ஒரு பாயிண்ட்.

கடைசித் துரத்தல் எங்களுடையது. எட்டு அவுட் எடுத்தால் சமம், இன்னொரு இன்னிங்ஸ் கிடைக்கும். ஏழு எடுத்துவிட்டோம். அரை நிமிஷத்துக்கு மேலேயே இருந்தது. அதுவரை எனக்கும் செல்லத்தாய்க்கும் நடுவே கோ வரவில்லை. இரண்டு தடவை வந்திருக்கவேண்டியது, நான் அவளைத் தாண்டி ஷோபாவுக்குக் கொடுத்தேன். ஷோபா தூரம். இரண்டு தடவையும் ஓட்டக்காரி போய்விட்டாள்.

மூன்றாவது தடவை தாண்ட வழியில்லை. இரட்டைப் பின்னல் போட்ட ஒல்லிப் பெண், என் கைக்கு ஒரு சாண் முன்னால் வரிசைக்குள் வளைந்து அந்தப் பக்கம் போய்விட்டாள். எனக்கு நேர் முன்னால் செல்லத்தாயின் முதுகு. அவள் எழுந்தால் எட்டி ஒரு அடி. பிடித்தாயிற்று என்றே நினைத்தேன்.

ஓங்கித் தட்டினேன். முழுக் கையும். கோ என்று கத்தினேன்.

அவள் எழுந்திருக்கவில்லை. திரும்பி என் முகத்தைப் பார்த்தாள்.

பிறகு எழுந்தாள், பறந்தாள், பின்னலின் நுனி அவள் விரலில் பட்டிருக்கும், பட்டதோ இல்லையோ, அதற்குள் ஒல்லிப் பெண் வரிசைக் கோடியில் நட்ட கம்பத்தைச் சுற்றிவிட்டாள். மிச்ச நொடிகளில் ஒன்றும் ஆகவில்லை. நீண்ட விசில். கிர்காம்காரிகள் ஒருத்தியை ஒருத்தி தூக்கிக்கொண்டு ஆடினார்கள்.

திரும்பும் பஸ்ஸில் ராஜிக்கு ஆத்திரம் அடங்கவில்லை. "முதுகிலே அறைஞ்சும் எழுந்திருக்கலேன்னா என்ன பண்றது? எல்லாரும் பாத்தாளே. இவளைப் போடாதேன்னு சொன்னா கேட்டியா நீ?" செல்லத்தாய் இரண்டு ஸீட் முன்னால், வெளியே பார்த்துக்கொண்டு. அவளுக்குக் கேட்காமல் இருந்திருக்காது. சார் கண்ணை மூடிக்கொண்டிருந்தார், தூங்கவில்லை.

தாராவிக்குப் போக அவள் சயானில் இறங்கவேண்டும். எழுந்து வந்தாள். என் ஸீட் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பஸ் நின்றதும் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"சத்தத்துக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தேன்க்கா. நீங்க தொடுவீயன்னு நெனைக்கல. திடுக்குனு ஆயிட்டு."

இறங்கிவிட்டாள்.

"என்ன சொல்றா?" என்று கேட்டாள் ராஜி.

ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேன்.