குப்பியில் மிச்சமிருந்த உன் பொடி

என் ஷாகிதாவுக்கு,

ரயிலில் இன்னமும் பையை வைத்து உனக்கு இடம் பிடிக்கிறேன். நீ ஏறும் வண்டலூரில் வேறு யாராவது ஏறி, "ஆள் இருக்காங்களா?" என்று கேட்கும்போதுதான் புத்தி வருகிறது. காய்ச்சல் என்று இரண்டு நாள் லீவு கேட்டுப் போனவள் நீ. திரும்பி வராததில் எனக்கு உன்மேல் கோபம்தான். யாரிடம் போய்ச் சண்டை போடுவது, சொல்?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். லேப் மேடம் நம் ஆய்வுக் கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்பப்போகிறார். நீ தயாரித்த புதுச் சேர்மமும் அதில் போனால் உன் பெயரும் அச்சில் வரும். எல்லா அளவும் எடுத்து வைத்திருந்தாய், உருகுநிலை ஒன்றுதான் பாக்கி. "குப்பியில கொஞ்சம் இருக்கு. நீயே பாத்துடு எழில்," என்றார் மேடம். அன்று சாயங்காலமே உன் வீட்டுக்கு ஓடினேன். உன் அம்மா இரண்டு தரம் கேட்டார், "அவ பேரு நெஜமா வருமா?" என்று. வரும்மா என்று சொல்லிவிட்டேன். ஓட்டை வாய்.

இந்தக் கடிதத்தை உன் அம்மாவும் படிப்பார். உனக்குத் தெரிந்ததைத்தான் அவருக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். சுத்தமான பொருள் சூடேறும்போது சட்டென்று உருகிவிடும். ஒரு டிகிரி, மிஞ்சினால் இரண்டு, அதற்குள் எல்லாம் முடிந்துவிடும். உள்ளே வேறு ஏதாவது கலந்திருந்தால் முன்னதாகவே உருகத் தொடங்கி, இழுத்துக்கொண்டே போகும். பொருள் சுத்தமா இல்லையா என்பதை அந்த இழுப்பே சொல்லிவிடும்.

மெல்லிய கண்ணாடிக் குழாயில் உன் பொடியைத் தட்டித் தட்டி இறக்கினேன். எனக்குத்தான் எதற்கும் பொறுமை கிடையாதே, ஆக்கப் பொறுத்தாலும் ஆறப் பொறுக்காத ஜென்மம். இருந்தாலும் அன்றைக்கு நீ சூடேற்றுகிற மாதிரியே மெதுவாக ஏற்றினேன். நூற்று நாற்பத்தொரு டிகிரியில் பொடியின் ஓரம் வியர்த்தது. நூற்று நாற்பத்தெட்டு வரை உருகிக்கொண்டே இருந்தது. ஈரமாக இருக்கும் என்று உலர்த்திவிட்டு மறுநாள் புதுக் குழாயில் பார்த்தேன். அதே கதைதான்.

ஒன்று சொல்கிறேன், திட்டாதே. முதல் துளி எப்போது தெரிந்தது என்பதற்கு என் கண்ணை விட்டால் வேறு சாட்சி இல்லை. புதுச் சேர்மம், ஒப்பிட்டுப் பார்க்க உலகத்தில் வேறு எண்ணும் கிடையாது. நூற்று நாற்பத்தாறில்தான் வியர்த்தது என்று எழுதியிருந்தால் யார் கேட்கப்போகிறார்கள்? பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். உன் பெயர் வரட்டுமே என்றுதான் மனசு அடித்துக்கொண்டது. கடைசியில் கண்ட எண்ணையே எழுதிக் கொடுத்தேன்.

மேடம் எண்ணைப் பார்த்துவிட்டு நோட்டை மூடினார். "இத வச்சு அனுப்ப முடியாதும்மா," என்றார். மறுபடி கரைத்துப் படிகமாக்கிச் சுத்தம் செய்யலாம். ஆனால் இருப்பதே ஒரு சிட்டிகை. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கரைசலோடு போய்விடும். மறுபடி படிகமாகத் திரும்பாவிட்டால் உன் கையால் செய்தது எதுவும் மிஞ்சாது.

என்னால் முடிவெடுக்க முடியவில்லை. குப்பியை எடுத்துக்கொண்டு உன் அம்மாவிடமே போனேன். அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பார்த்தார்.

"அவ தப்பா செஞ்சிட்டாளா?"

"தப்பில்லம்மா. இன்னொரு வாட்டி சுத்தம் பண்ணியிருக்கணும். அதுக்குள்ளதான்..."

"கரைச்சா இது திரும்பி வருமா?"

"வரணும். வராமலும் போகலாம்."

"அவ இருந்தா என்ன பண்ணியிருப்பா?"

"கரைச்சிருப்பா."

"அப்போ என்னை ஏன் கேக்குற?" என்று குப்பியை என் கையில் திணித்தார். டீ போடுகிறேன் என்று சமையலறைக்குப் போனவர் ரொம்ப நேரம் வெளியே வரவில்லை.

இன்று காலை கரைத்தேன். சூடான ஆல்கஹால் பட்டதும் உன் பொடி இருந்த இடம் தெரியவில்லை, வெறும் தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது. உன்னைத் தூக்கிக்கொண்டு போன அன்று உன் வீட்டு வாசலில் கல்லாட்டம் நின்றவள் நான். இன்றைக்கு லேப் என்றும் பார்க்காமல் அழுதேன். மேடம் கதவைச் சாத்திவிட்டு வெளியே போய் நின்றார்.

இப்போது மேசையில் அது ஆறிக்கொண்டிருக்கிறது. ஒரு படிகமும் தெரியவில்லை. படிகம் பிடிக்கட்டும் என்று கண்ணாடிக் குச்சியால் உள்சுவரை லேசாகச் சுரண்டிவிடட்டுமா? இன்னும் கொஞ்சம் பொறுக்கட்டுமா?

படிகம் வந்தால் உலர்த்தி, உருக்கிப் பார்ப்பேன். என்ன தெரிகிறதோ அதைத்தான் எழுதுவேன், இது சத்தியம். மறுபடி இழுத்தால் உன் பெயர் இல்லாமலே கட்டுரை போகும். உன் அம்மாவிடம் அதை நானே போய்ச் சொல்வேன். நான் கண்ணால் காணாத ஒரு எண்ணின் பக்கத்தில் உன் பெயரை நிறுத்த மாட்டேன், ஷாகிதா.

உன் அம்மா பெறாத மகள்,
எழில்