நான் பிரித்துப் பின்னிய நீலப் படகுகள்

நேற்றுப் பெய்த மழையில் ஜன்னலோரம் தொங்கிய துணிப்பை நனைந்துவிட்டது. காலையில் எடுத்துப் பார்த்தால், மீந்துபோன நீல நூல்கண்டு உள்ளே ஊறிக் கிடக்கிறது. ஈரக் கம்பளி வாடை வீடெல்லாம் பரவியது. "மழையில நனைஞ்ச ஆடு மாதிரி வீசுதுடி. இதப் போயி ஆசையா கால்ல மாட்டிக்கிறாங்களே" என்று நீ மூக்கைப் பொத்திக்கொண்டு சிரிப்பாயே, அதே வாடை. கண்டைக் காயப்போடத் தோன்றாமல் மடியில் வைத்துக்கொண்டு உனக்கு எழுதுகிறேன். நீ இதைப் படிக்கப் போவதில்லை. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

சிதம்பரத்தில் அந்தக் கல்லூரி நூலகத்தில் ஒரே மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து பதினொரு வருஷம் வேலை பார்த்தோம். கடலூரிலிருந்து தினமும் ஒரே பஸ். நீ போனில் வீடியோ பார்த்துப் பின்னல் பழகினாய். எனக்கும் தொற்றிக்கொண்டது. வெயிலில் கம்பளி நூலும் கையுமாக உட்கார்ந்திருக்கும் நம்மைப் பார்த்துக் கண்டக்டர் கேட்பார், "ஏம்மா, ரெண்டு பேருக்கும் ஊட்டிக்கு டிரான்ஸ்பரா?"

போனில் நாம் சேர்ந்திருந்த பின்னல் குழுவில் ஒருநாள் போட்டி அறிவித்தார்கள். ஒரு மாதத்துக்குள் இரண்டு நிறத்தில் ஒரு ஜோடி சாக்ஸ். வடிவத்தையும் நாமே வரைய வேண்டும். இருவர் சேர்ந்தும் செய்யலாம். "படம் நான் போடுறேன். பின்றது ஆளுக்கொரு கால்" என்றாய்.

கட்டம் போட்ட நோட்டில், ஒரு கட்டத்துக்கு ஒரு பின்னல் கண்ணி என்று கணக்கு வைத்து நீலப் படகு வரைந்தாய். முதலில் வந்தது எலுமிச்சம்பழத் துண்டு மாதிரி இருந்தது. மூன்று நாள் அழித்து அழித்து வரைந்தாய். தேவனாம்பட்டினத்தில் கடலுக்குப் போகிறவர் வீட்டில் பிறந்தவளுக்கு அது பொறுக்கவில்லை. "எங்கப்பா படகு மூக்கு இவ்ளோ மொட்டையா இருக்காதுடி." மூக்கை ஒரு கட்டம் மேலே தூக்கினாய். படகுக்கு உயிர் வந்துவிட்டது. புதுச்சத்திரத்தில் பஸ் நின்றபோது நோட்டை என் முகத்துக்கு நேராக நீட்டினாய். அன்றைக்கு நீ இருந்த சந்தோஷத்தில் உன்னை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

மூன்றாவது வாரம் உன் படகுகள் சாயத் தொடங்கின. உள்பக்கம் இழுத்துப் பிடித்து ஓட வேண்டிய இரண்டாவது நிற நூல் வளையம் வளையமாகத் தொங்கியது. பஸ்ஸில் இரண்டு தடவை ஊசியைத் தவறவிட்டாய்.

"வலது கை என்னமோ மரத்து மரத்துப் போவுதுடி" என்றாய்.

"போனப் பாத்துக்கினே பின்னுனா அப்பிடித்தான். இன்னும் எட்டு நாள்தான் இருக்கு, தெரியுமில்ல?" என்றேன்.

வேறு எதுவும் நான் கேட்கவில்லை. எப்போதிருந்து என்று கேட்கவில்லை. டாக்டரிடம் காட்டினாயா என்று கேட்கவில்லை. கடைசி சனிக்கிழமை உன் சாக்ஸை வீட்டுக்கு வாங்கிக்கொண்டு வந்து, குதிகாலுக்கு மேலே நீ பின்னியிருந்த அத்தனையையும் பிரித்தேன். ஒரு நுனியை இழுத்தால் போதும், வரிசை வரிசையாக அவிழ்ந்து வந்தது. ராத்திரியெல்லாம் உட்கார்ந்து நானே திரும்பப் பின்னி மறுநாள் குழுவுக்குப் போட்டோ அனுப்பினேன். இரண்டும் ஒரே கை போட்டது போல இருக்கிறது என்று குழுவில் பாராட்டினார்கள்.

திங்கட்கிழமை பஸ்ஸில் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாய்.

"நான் போட்டதெல்லாம் எங்கடி?"

"கோணலா இருந்துச்சி. பிரிச்சிட்டேன்."

வெளியே பார்த்துக்கொண்டிருந்தாய். ஆலப்பாக்கத்தில் அதை மடித்து உன் பையில் வைத்துக்கொண்டாய். "சரி வுடு. நல்லாத்தான் இருக்கு."

அந்தத் திங்கட்கிழமையிலிருந்து ஒன்பதாம் நாள் நூலகத்தில் புத்தகம் ஒன்று உன் கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுக்கப் போனவள் எழுந்திருக்கவில்லை. புதுச்சேரி ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். தலைக்குள் கட்டி. கட்டிலின் ஒரு பக்கம் உன் வீட்டுக்காரர், மறுபக்கம் நான். "கை எத்தன நாளா இப்பிடி இருக்கு?" என்று டாக்டர் கேட்டார். உன் வீட்டுக்காரர் விழித்தார். அவருக்கு நீ சொல்லியிருக்கவில்லை. எனக்கு மட்டும்தான் சொல்லியிருந்தாய்.

நீ என்னைப் பார்த்தாய். பிறகு டாக்டரைப் பார்த்து, "ஒரு வாரமாத்தான் சார்" என்றாய்.

எனக்காகச் சொன்ன பொய் அது. இல்லை டாக்டர், அதற்கும் முன்னாலேயே, என்னிடம் சொன்னாள் என்று நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. உன் இடது கை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. அந்தப் பிடியைச் சாக்காக வைத்துக்கொண்டு நின்றேன். அந்த நாட்கள் எதையாவது மாற்றியிருக்குமா என்று இன்றுவரை எந்த டாக்டரிடமும் நான் கேட்கவில்லை. ஆமாம் என்றால் தாங்க மாட்டேன். இல்லை என்றால் நம்ப மாட்டேன்.

நாலு மாதம் இருந்தாய். ஒருநாள் மத்தியானம் பாதம் சில்லிடுகிறது என்றாய். உன் வீட்டு பீரோவிலிருந்து நம் சாக்ஸை எடுத்து மாட்டப் பார்த்தேன். மருந்தில் வீங்கிய கால்; சாக்ஸ் குதிகாலைத் தாண்டி ஏறவில்லை. நான் இழுத்துக்கொண்டே இருந்தேன். நாக்கு குழற நீ சொன்னாய்: "வுடுடி. ஒன் கண்ணி ரொம்ப இறுக்கம்." சிரித்தாய் என்றுதான் நினைக்கிறேன். முகத்தின் ஒரு பக்கம் மட்டும் அசைந்தது.

நீ போன பிறகு, கடைசியாக உன் கை எதைச் செய்தது என்று தேடிப் பார்த்தேன். சாய்ந்த அந்தப் படகுகள்தான். அவை எங்கும் இல்லை. நான்தான் இழுத்து அவிழ்த்தேன். குழுவிலிருந்து வெளியேறிவிட்டேன். ஊசிகளைத் தொடுவதில்லை. உன் வீட்டுக்காரர் வழியில் பார்த்தால் "அவளுக்கு நீங்க எவ்ளோ தொணையா இருந்தீங்க" என்கிறார். ஒவ்வொரு தடவையும் தலையை ஆட்டுகிறேன்.

பஸ்ஸில் இப்போது தனியாகத்தான் போகிறேன். போன வாரம் பி.முட்லூரில் வெள்ளரிப்பிஞ்சு விற்கிற அம்மா ஜன்னல் வழியாக நீட்டிய பொட்டலம் நழுவிக் கீழே விழுந்தது.

"கை மரத்துப் போவுதாம்மா?" என்று கேட்டுவிட்டேன்.

"இல்லக் கண்ணு, ஈரம். வழுக்கிடுச்சி."

"எத்தன நாளா?"

அந்த அம்மா என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டு அடுத்த ஜன்னலுக்குப் போனார். பஸ் கிளம்பியது. நான் கழுத்தைத் திருப்பி, கண்ணுக்குத் தெரிந்தவரை அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.