படையலுக்குக் கிற்றார்க் கம்பி

பிளாக்ஹவுஸ் பே
02.09.1996

அன்புள்ள ரதிக்கு,

இங்கே இவருக்கும் பிரணவிக்கும் ஒரு குறையுமில்லை. எனக்குத்தான் நேற்றுப் பின்னேரம் தொடக்கம் வயிற்றைப் பிரட்டுகிறது. காரணம் நீ. போன் எடுத்தால் சிரித்துச் சமாளித்துப்போடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

தபால் பெட்டிக்குள் சும்மா போட்டுவிட்டுப் போகிற பேப்பரை நான் மரக்கறித் தோல் சுற்றத்தான் எடுப்பேன். நேற்று வெங்காயத் தோலைக் கொட்டப் போனால், உள்ளே நீ நிற்கிறாய். தலையில் மாடு மேய்க்கிறவனின் தொப்பி. முழங்கால் மட்டும் மாட்டுத்தோல் சப்பாத்து. கையில் கிற்றார். பொப் பாடகி கன்ட்ரி மியூசிக்குக்கு மாறினார் என்று தலைப்பாம், பிரணவி வாசித்துச் சொன்னாள். சீ! வெங்காயத்தை அப்படியே விட்டுவிட்டுப் போய்க் கை கழுவினேன்.

கொழும்பில் நீ பொப் பாடின காலத்தில் எங்கள் அம்மா முகத்தைச் சுழிக்க, உனக்காக வாதாடினது நான். "தானே எழுதித் தானே பாடுறாள் அம்மா, ஆர் இப்பிடிச் செய்வினம்?" என்று கேட்டேன். என் தம்பி ரவிசங்கர் உன் ஒழுங்கை முனையில் நின்று சைக்கிள் மணி அடித்ததை வைத்து 'மணி அடியாதே' என்று ஒரு பாட்டுக் கட்டினாயே, றேடியோவில் அது போகாத நாளில்லை. உனக்குத் தாலி கட்ட முந்தியே அவனை நாடே அறிந்தது. அந்த வாய்தானா இப்போது ரானுயியில் பியர் குடிக்கிற லொறிக்காரருக்குப் பாடுகிறது? தமிழ்ச் சங்கத்துச் சீதா என்னை எல்லோருக்கும் முன்னால் கேட்கிறாள்: "உங்கட தம்பி பெண்சாதி சேர்க்கசில சேர்ந்திட்டாவோ?" நான் எந்த மூஞ்சியோடு பதில் சொல்ல?

ஒக்டோபர் 26 சனிக்கிழமை திவசம். தம்பி சைக்கிளில் போய்த் திரும்பி வராமல் ஒன்பது வருசம். நாங்கள் ஒக்லண்டுக்கு வந்து திவசம் கொடுக்கத் தொடங்கின பிறகு இது ஏழாவது. வழமைபோலப் படையலில் வைக்கக் கிற்றார்க் கம்பி ஒரு பெட்டி வாங்கி வா. முந்தின ஆறும் சாமியறையில் மைலோத் தகர ரின்னுக்குள் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் அந்தச் சப்பாத்தோடு என் படி ஏறாதே. என்னுடைய மூடி போட்ட பிளாஸ்ரிக் பெட்டி இரண்டு உன்னிடம் நிற்கிறது, அதையும் கொண்டு வா.

மனம் கொதித்தபடி,
உன் மச்சாள்
யோகராணி


ரானுயி
08.09.1996

அன்புள்ள மச்சாளுக்கு,

வயிற்றுப் பிரட்டலுக்கு இஞ்சித் தேத்தண்ணி குடியுங்கோ. சப்பாத்து மாட்டுத்தோல் இல்லை, றெக்சின். மழை பட்டால் தோல் உரிகிறது. தொப்பி இரவல்.

உண்மையைச் சொல்லவா? எனக்கும் அருவருப்பாக, அரியண்டமாகத்தான் இருந்தது. கன்ட்ரி பிடிக்க முந்தி, பொப் அரியண்டமாகப் போனது. பொப் பாட்டுக்குள் எனக்கு எப்போதும் பத்தொன்பது வயது. வெளியில் நாற்பத்திரண்டு. பகல் முழுக்கக் குளிருக்குள் நின்று செத்த கோழியைப் பொதி பண்ணிவிட்டு, பொங்கல் விழாவில் 'மணி அடியாதே' என்று இடுப்பை ஆட்டினேனே, ஞாபகமா? பிள்ளைகள் வாயைப் பொத்திச் சிரித்ததுகள். நீங்கள் கை தட்டினீர்கள். வீட்டுக்கு வந்து, கோழி நாற்றம் போகவில்லை என்று இரண்டு தரம் குளித்தேன். நாற்றம் கோழியில் இருந்து வரவில்லை, மச்சாள்.

வேலையில் எனக்குப் பக்கத்தில் நிற்கிற வெள்ளைக்கார மனிசிதான் கன்ட்ரி மியூசிக் கிளப்புக்குக் கூட்டிக்கொண்டு போனா. பழைய மண்டபம். ஆளுக்கு மூன்று பாட்டு. அவ எழும்பி, செத்துப்போன புருசன் இருந்த கதிரையைப் பற்றிப் பாடினா. குரல் தகரம். ஆனால் நடந்ததை நடந்தபடி சொன்னா. லொறிக்காரர் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்கள். "அழாதையுங்கோ" என்று ஒருத்தரும் சொல்லவில்லை. முடிய, சுடச்சுடத் தேத்தண்ணி கொடுத்தார்கள்.

எனக்கு அப்படி ஒரு பாட்டு இருக்கிறதென்று அன்றைக்குத்தான் தெரிந்தது. 'மணி அடியாதே' மெட்டைத்தான் மெதுவாக்கியிருக்கிறேன். ஆங்கிலம். அவர் போன நாள். கசெற் இதோடு அனுப்புகிறேன், பிரணவியிடம் கேட்டு விளங்கிக்கொள்ளுங்கோ. ஒக்டோபர் 19ஆம் திகதி கிளப்புகளின் போட்டி, அதில் பாடுகிறேன். அடுத்த கிழமை திவசத்துக்கு வெறுங்காலோடு வருவேன். கம்பி வாங்கிவிட்டேன்.

என்றும் உங்கள்,
ரதி


பிளாக்ஹவுஸ் பே
01.10.1996

ரதி,

கசெற்றை மூன்று கிழமை தொடாமல் வைத்திருந்தேன். முந்தநாள் பிரணவி பிடிவாதமாகப் போட்டாள். குசினி மேசையில் என்னை இருத்தி வரிவரியாகச் சொன்னாள். 'கம்பி அறுந்தது என்றேன், போய் வாங்கி வா என்றேன், சைக்கிள் வந்தது வேறொருவன் கையில்' என்று அவள் சொன்னதும் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பிவிட்டேன்.

தூ! இதைவிட இடுப்பை ஆட்டியிருக்கலாம் நீ. என் தம்பியைத் தட்டில் வைத்துச் சனத்துக்குப் பரிமாறுகிறாய். அவன் யார், எந்த ஊர், ஊரடங்கு என்றால் என்ன என்று அந்தத் தொப்பிக்காரருக்குத் தெரியுமா? உன் கதையைக் கேட்டுவிட்டுப் போய் இறைச்சி தின்னுவார்கள். போட்டியாம்! அவன் போனதற்கு நீ பரிசு வாங்கப் போகிறாயா?

பிரணவி அழுதாள். "இட்ஸ் பியூட்டிபுல், மம்" என்றாள். வாயை மூடு என்று கத்திவிட்டேன். அவள் இரண்டு நாளாக என்னோடு கதைக்கவில்லை. அவளுக்கு மாமாவின் முகமே தெரியாது, அவள் அழுகிறாள்.

ஒன்று சொல்கிறேன், கேள். பாடத்தான் வேண்டுமென்றால் பாடித் தொலை. தொப்பியைப் போடு, சப்பாத்தைப் போடு, நான் வாய் திறக்கமாட்டேன். அந்தக் கம்பி வரியை மட்டும் எடுத்துவிடு. எடுக்காவிட்டால் திவசத்துக்கு வராதே.

யோகராணி


ரானுயி
04.10.1996

மச்சாளுக்கு,

உங்களுக்கு என்ன விசரா? மற்ற எல்லாம் இருக்கலாம், கம்பி வரி மட்டும் ஆகாதா? பாட்டில் அதுதான் எனக்கு உரிய வரி.

அவர் போவதற்கு முதல்நாள் இரவு என் கிற்றார்க் கம்பி அறுந்தது. அடுத்த நாள் நான் காய்ச்சலில் சுயநினைவில்லாமல் கிடந்தேன். எழும்பினபோது அவர் இல்லை. "உனக்குக் கம்பி வாங்கப் போனவன், ரதி" என்று நீங்கள்தான் சொன்னீர்கள். நான் கேட்டதாக எனக்கு ஞாபகமே இல்லை. காய்ச்சலில் கேட்டிருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன். வெளியில் ஆமி சுட்டுக்கொண்டு திரிய, ஊரே கதவைப் பூட்டிக்கொண்டு உயிரைக் கையில் பிடித்திருக்க, பாட்டுக் கட்டக் கம்பி கேட்ட மனிசி நான். கண்ணாடியில் என்னைப் பார்க்க ஒன்பது வருசம் எனக்கு அருவருப்பு. நீங்கள் ஒருநாளும் ஏசினதில்லை. படையலில் கம்பி வைக்கச் சொன்னீர்கள், அவ்வளவுதான். அதை நான் தண்டனையாக எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வருசமும் வைத்தேன்.

மண்டபத்தில் அந்த வரியை வாய்விட்டுச் சொன்ன அன்றுதான் கொஞ்சம் மூச்சு விட்டேன். அதைப் பிடுங்காதையுங்கோ. எடுக்கமாட்டேன். திவசத்துக்கும் வருவேன். கதவைப் பூட்டினால் வெளியில் நிற்பேன்.

ரதி


பிளாக்ஹவுஸ் பே
10.10.1996

ரதி,

உன் கடிதம் வந்து நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை. இவர் டொக்டரிடம் போவோம் என்கிறார். டொக்டர் என்ன செய்வான்?

நீ கேட்கவில்லை, ரதி. நீ கம்பி கேட்கவேயில்லை. நீ வாயே திறக்கவில்லை, நெருப்பாய்க் காய்ந்துகொண்டு கிடந்தாய்.

பக்கத்து வீட்டுக் கலியாணத்துக்கு நான் சட்டை தைத்துக்கொண்டிருந்தேன். ஊதா நிறம். நூல் முடிந்துபோனது. இரண்டு மணித்தியாலம் ஊரடங்கைத் தளர்த்தியிருந்தார்கள். "டேய், கடை பூட்ட முந்தி ஓடிப்போய் ஊதா நூற்கட்டை ஒண்டு வாங்கிக்கொண்டு வா" என்றேன். "ரதிக்குக் காய்ச்சல் அக்கா, பிறகு போறன்" என்றான். நான் விடவில்லை. உன் பாட்டை வாயைக் குவித்துச் சீக்கியடித்துக்கொண்டு போனான்.

சைக்கிளை மட்டும் கொண்டுவந்து கொடுத்தபோது சனம் சுற்றி நின்று கேட்டது, ஏன் போனவன், என்னத்துக்குப் போனவன் என்று. சுவரில் உன் கிற்றார், கம்பி அறுந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தேன், வாயில் வந்துவிட்டது. ஒரு நூற்கட்டைக்குத் தம்பியை அனுப்பினேன் என்று எப்படிச் சொல்ல? பிறகு நீ எழும்பிக் கேட்டாய். அதையே உனக்கும் சொன்னேன். ஒவ்வொரு வருசமும் படையலில் கம்பியை வைத்தால் அது உண்மையாகிவிடும் என்று நினைத்தேன் போலிருக்கிறது. அந்தக் கலியாணமும் நடக்கவில்லை. சட்டையை நான் தைத்து முடிக்கவுமில்லை.

உன் சப்பாத்தைப் பார்த்துச் சீ என்றேன். அரியண்டம் பிடித்தவள் நான்தான். சாமியறைக்குள் போகக் கூச்சமாக இருக்கிறது.

அந்த வரியை எடுத்துவிடு, அம்மா. உன் வாயால் அது வரக் கூடாது. இந்தக் கடிதத்தைக் கிழித்துப்போடு. பிரணவிக்கு மட்டும் தெரிய வேண்டாம். அவள் என்னைப் பார்க்கிற பார்வை மாறினால் நான் இருக்கமாட்டேன். உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

யோகராணி


ரானுயி
20.10.1996

திருமதி யோகராணி கதிர்காமநாதன் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். மூன்றாம் தரம் பாதியில் எழும்பி ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். ஒன்பது வருசம் என்னைப் பக்கத்தில் இருத்தி, உங்கள் கையால் வடை போட்டுச் சாப்பிட வைத்தீர்கள். அந்த வடையெல்லாம் இப்போது தொண்டைக்குள் நிற்கிறது.

நேற்றுப் போட்டியில் பாடினேன். நீங்கள் கேட்டபடி கம்பி வரியை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் ஊதா நூல் வந்திருக்கிறது. அக்கா அனுப்பினாள் என்று வருகிறது. பரிசு கிடைக்கவில்லை.

பிரணவி சிநேகிதியோடு வந்து முன்வரிசையில் இருந்தாள். வருவாளென்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் மாற்றியிருக்கமாட்டேன். முடிந்ததும் வந்து, "இஸ் இட் மம்?" என்று கேட்டாள். அம்மாவிடமே கேள் என்றேன். இந்நேரம் கேட்டிருப்பாள்.

திவசத்துக்கு நான் வரமாட்டேன். இனி அவருக்கு இங்கே நானே படைப்பேன்.

உங்கள் பிளாஸ்ரிக் பெட்டி இரண்டும் பிரணவியிடம் கொடுத்துவிட்டிருக்கிறேன். சின்னதைத் திறந்து பாருங்கோ. ஊதா நூற்கட்டை ஒன்று இருக்கிறது. இந்த வருசம் படையலில் அதை வையுங்கோ. மைலோ ரின்னுக்குள் இருக்கிற ஆறு பெட்டிக் கம்பியையும் தபாலில் அனுப்பிவிடுங்கோ. எனக்குக் கிற்றாரில் போட வேண்டும்.

ரதிதேவி ரவிசங்கர்