ரத்தத்தில் இல்லை, மதினி

மதினி,

இன்று காலையில் பால் பொங்கி வழிந்து அடுப்படியெல்லாம் தீய்ந்த வாசம். அடுப்பை அணைத்த பிறகும் நுரை ஏறிக்கொண்டே இருந்தது. கை தன்னால் தண்ணீரைத் தெளித்தது. மனசு உங்களிடம் போய்விட்டது.

நம் பேரன் பிறந்த அன்று, ஆஸ்பத்திரி வராந்தாவில் சம்பந்திகள் நாம் இருவரும் ஒட்டி உட்கார்ந்திருந்தோம். ஆண்பிள்ளை என்றார்கள். அழுகைச் சத்தம் மட்டும் வரவில்லை. வெகுநேரம் கழித்து டாக்டரம்மா வந்தார். பிள்ளை வெளியே வருமுன்னே தொப்புள்கொடி முன்னால் நழுவி, தலைக்குக் கீழே மாட்டி நசுங்கிவிட்டது என்றார். தாயிடமிருந்து அந்தக் கொடி வழியாகத்தான் பிள்ளைக்கு ஆக்சிஜன் போகுமாம். அது நின்ற கொஞ்ச நேரத்துக்குள் மூளை அடிபட்டுவிட்டதாம். "இதுல யாரு மேலயும் குத்தமில்ல. பரம்பரையா வாரதும் இல்ல" என்று அழுத்திச் சொன்னார். என் காதிலும்தான் விழுந்தது.

கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தால், வெற்றுடம்பாய்ப் பிள்ளையைக் குளிர் விரிப்பில் கிடத்தியிருந்தார்கள். பச்சை உடம்பை வெந்நீர் ஊற்றி, துணி சுற்றி, காற்றுப் படாமல் வைத்தே பழகியவர்கள் நாம். நான் போட்ட கூப்பாட்டில் நர்சுகள் ஓடி வந்தார்கள்.

"பச்சப்புள்ளையக் குளுர்ல போட்டுக் கொல்லப் பாக்குறீகளா? குடுங்க, நான் தூக்கிட்டுப் போறேன்!"

"செத்த சும்மா இருங்க மதினி" என்று என் கையைப் பிடித்து உட்கார வைத்தீர்கள். நீங்களே உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தீர்கள். மூச்சு திரும்பிய பிறகும் மூளைக்குள்ளே சேதம் பரவிக்கொண்டிருக்குமாம். உடம்பைக் குளிர வைத்தால் அது மட்டுப்படுமாம். எனக்கு விளங்கவில்லை.

"அடுப்ப அணைச்சாலும் பாலு செத்த நேரம் பொங்கத்தான செய்யும்? தண்ணி தெளிக்கிறாக, அம்புட்டுத்தான்."

"இதுக்குத்தான் இம்புட்டுப் படிச்சாகளாக்கும்" என்றேன். அந்த நேரத்திலும் உங்களுக்குச் சிரிப்பு வந்தது.

பிள்ளை பிழைத்தான். ஆனால் கழுத்து நிற்கவில்லை, உட்காரவில்லை. நான் ஐந்தாவதோடு நின்றவள் என்றாலும், என் பிள்ளைகள் படிப்பிலும் ஓட்டத்திலும் முதல் என்று ஊரெல்லாம் பீற்றியவள். பேரன் ஏன் இப்படி என்று கேட்டால் நான் குறுகிப்போவேன். காதுகுத்து அன்று நீங்கள் சீர்த்தட்டோடு நுழைகிறீர்கள். பந்தல் நிறைய ஆள். அப்போதுதான் யாரோ ஒருத்தி பிள்ளையைப் பார்த்து உச்சுக் கொட்டினாள்.

"எங்க வகையறாவுல இப்படி ஒண்ணு பொறந்ததே இல்ல" என்றேன், உங்கள் காதுபட. "பொண்ணு எடுத்த எடத்து ரத்தம் அப்படி."

நீங்கள் தட்டைக் கீழே வைத்தீர்கள். மகளிடமிருந்து பிள்ளையை வாங்கி, பிடரியில் உள்ளங்கையைக் கொடுத்துத் தாங்கினீர்கள். "வாங்கய்யா, தோடு போட்டுக்குவமா?" என்றீர்கள். என்னிடம் ஒரு சொல் பேசவில்லை. உங்கள் வாயை அடைத்துவிட்டேன் என்று அன்றைக்கு எனக்குப் பெருமை. பிறகு நாலு விசேஷத்தில் அதையே சொன்னேன்.

போன தையில் நீங்கள் போய்ச் சேர்ந்தீர்கள். உங்கள் இளையவளுக்குக் கந்தர்வக்கோட்டைப் பக்கம் ஒரு இடம் வந்திருக்கிறது, மதினி. முந்திரித்தோப்புக்காரர்கள், நல்ல மனிதர்கள். மூத்தவளைக் கொடுத்த வீட்டில் விசாரித்துவிட்டுத்தானே இளையவளைக் கேட்பார்கள்? நேற்று நாலு பேராக எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா காப்பித் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே இருந்தார்.

"கோவிச்சுக்காதீக. அந்தப் பொண்ணு வீட்டு ரத்தத்துல இப்படிப் புள்ளைக பொறக்குமுன்னு பேசிக்கிறாக. நெசமா?"

"யாரு சொன்னா?"

"நீங்கதான் சொன்னீகளாம்."

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. உங்கள் மூத்த மகள், என் மருமகள், அங்கேதான் நின்றாள். ஆமாம் என்றால் என் வார்த்தை நிற்கும். இளையவளின் கல்யாணம் நடக்காது.

"சொன்னது நாந்தான். பொய்யி. கொடி நசுங்கிக் காத்து நின்னுபோச்சு, மூள அடிபட்டுச்சு. எங்க வீட்டுப் பொண்ணு பெத்துருந்தாலும் நடந்துருக்கும். டாக்டரம்மா அன்னைக்கே சொன்னாக. எனக்கு ஊரு மூஞ்சியில முழிக்க வெக்கம். அதத் தூக்கி அவுக தலையில போட்டேன்."

அந்த அம்மா என்னையே பார்த்தார். "அதுக்காக இப்படியா சொல்லுவீக?" என்றார்.

பொழுது சாயப் போன் வந்தது. வெள்ளிக்கிழமை பூ வைக்க வருகிறார்களாம். மருமகள்தான் வந்து சொன்னாள். பிள்ளைக்குக் கூழ் ஊட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் இன்னொன்றும் சொன்னாள்:

"இத எங்கம்மா இருக்கையிலயே சொல்லியிருக்கலாம் அத்தை."

கோபமாய்ச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பியிருப்பேன். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். ராத்திரியெல்லாம் அதுதான் காதில் நின்றது.

பந்தல் நிறைய ஆள் இருக்கச் சொன்ன சொல்லை, காப்பி குடிக்க வந்த நாலு பேரிடம் மட்டும்தான் திரும்ப வாங்கியிருக்கிறேன், மதினி. வெள்ளிக்கிழமை இரண்டு வீட்டுச் சனமும் கூடும்.